பூஞ்சை பிடித்த விஸ்கி

மார்ச் 4

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன்.

இத்துடன் இந்த வருடத்துத் தொட்டியின் சாம்பிள் வருகிறது. வழக்கம்போல ஜோடியில் ஒன்று உனக்கு, இன்னொன்று என் அலமாரியில். வழக்கம்போல ஊற்றின கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டுத்தான் தக்கை அடைத்து அரக்கு வைத்தேன். பட்டை, ஏலம், கிராம்பு, சோம்பு, அதிமதுரம், ஆரஞ்சுத் தோல், தேன், எல்லாம் அதே எடை. ஒரு குன்றிமணி கூடுதல் குறைச்சல் இல்லை.

இந்த வருடம் ஒரே தொட்டி. பெரிய ஹோட்டல்காரர்கள் தங்கள் எல்லா பார்களுக்கும் நம்முடைய மூலிகை விஸ்கியைக் கேட்டிருக்கிறார்கள். அதை நம்பி வடிசாலையிலிருந்து வாங்கிய விஸ்கி மொத்தத்தையும் அதிலேயே ஊற்றிவிட்டேன். அதற்கு ஏதாவது ஆனால் அடுத்த வருடம் இந்தப் பட்டறை இருக்காது. அதனால் காலம் தாழ்த்தாமல் பதில் போடு. மசாலா முடிச்சு இன்னும் தொட்டிக்குள்தான் தொங்குகிறது. நீ சரி என்றால் எடுத்து, வடித்து, பாட்டிலில் ஏற்றிவிடுவேன்.

உன்னைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒன்றும் ஆசை இல்லை. லேபிளில் ‘இரண்டு நாக்குகள் ஒப்புக்கொண்டது’ என்று அச்சடித்து ஊரெல்லாம் விற்றாகிவிட்டது. நீ முறைத்துக்கொண்டு போனாலும் அந்த வரி போகவில்லை. ஒரு நாக்கு என்னுடையது, மற்றது உன்னுடையது, என்ன செய்ய?

போன் செய்யாதே. போன தடவை போனில் பேசி என்ன ஆயிற்று என்று இரண்டு பேருக்கும் தெரியும். எழுது, போதும்.

தொட்டி நிரப்புவதற்கு முன்னால் பட்டறைக்கு வெள்ளையடித்தோம். அவ்வளவுதான் சேதி.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

சாம்பிள் உடையாமல் வந்து சேர்ந்தது.

முதலில் பட்டை வருகிறது, அவசரமே இல்லாமல். அதன் பின்னால் ஆரஞ்சுத் தோல். சோம்பு நாக்கின் ஓரத்தில் குளுகுளுவென்று உட்காருகிறது. கிராம்பு கடைசியில் கொஞ்சம் தூக்கல், ஆனால் அதுவும் ஒரு அழகு. தேன் கச்சிதம். விழுங்கிய பிறகும் ஏலம் வெகுநேரம் போகமாட்டேன் என்கிறது. போன வருடம் கண்காட்சியில் பதக்கம் வாங்கியதே, அதைவிட இது ஒரு படி மேல்.

முடிச்சை எடு. வடி. பாட்டிலில் ஏற்று. என் நாக்கு ஒப்புக்கொண்டது.

இங்கே வேலை அதிகம். ஒரே கட்டடத்தில் மூன்று லிஃப்ட் மாற்றுகிறோம். வீட்டில் எல்லோரும் நலம். பட்டறைக்கு வெள்ளையடித்தது பற்றி மகிழ்ச்சி. பட்டறைச் சாவி இன்னும் உன் இடுப்பில்தான் தொங்குகிறது என்று நம்புகிறேன். பத்திரமாக வைத்துக்கொள், யாராவது திருடிவிடப் போகிறார்கள்.

தம்பி


மார்ச் 23

அடேய் மூக்கா,

சின்ன வயதில் பக்கத்து வீட்டில் சோப்பு மாற்றினால்கூடக் கண்டுபிடிப்பாய் என்று உனக்கு நாங்கள் வைத்த பெயர் இது. இந்தப் பெயரால் உன்னைக் கூப்பிட்டு மூன்று வருடமாகிறது. இப்போது கூப்பிடுவது ஆசையில் இல்லை. என்ன நடந்தது என்று சொல்கிறேன், நீயே சொல், நான் என்ன நினைக்க வேண்டும் என்று.

இன்று காலை உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முடிச்சை எடுக்கப் போனேன். எடுப்பதற்கு முன்னால் அலமாரியில் இருந்த ஜோடி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், நிறம் பார்க்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே வெள்ளையாக ஒரு படலம். பஞ்சு பஞ்சாக. பூஞ்சை! விஸ்கிக்குப் பூஞ்சை பிடித்து எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? செத்த பாம்பைப் போட்டால்கூட அதில் அழுகாது. நான் போட்ட சத்தத்தில் முன்னறையில் கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த உன் மாமா ஒற்றைக் கண் லென்ஸோடு ஓடிவந்தார். பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார்.

“இது டீ,” என்றார்.

“என்ன டீ?”

“நான் போட்ட டீதான். கடை ஜன்னலுக்கு.”

உனக்குத் தெரியும், ஜன்னலில் நிற்க வைக்கிற பாட்டில்களில் நாம் சரக்கு ஊற்றுவதில்லை, வெயிலில் கெட்டுவிடும் என்று. பால் இல்லாத டீயை ஆறவைத்து ஊற்றுவோம், நிறம் அப்படியே இருக்கும். அன்றைக்கு மாமா டீ போட்டு வைத்த ஜாடியும், நான் தொட்டியிலிருந்து சாம்பிள் எடுத்து வைத்த ஜாடியும் ஒரே மேஜையில் இருந்திருக்கின்றன. நான் ஜாடி மாற்றி ஊற்றிவிட்டேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீ? வெறும் டீயில் உனக்கு எங்கிருந்து வந்தது பட்டை? எங்கிருந்து வந்தது ஆரஞ்சுத் தோல்? சோம்பு குளுகுளுவென்று உட்கார்ந்ததாமே, எங்கே உட்கார்ந்தது? “விழுங்கிய பிறகும் ஏலம் போகமாட்டேன் என்கிறது.” அடப்பாவி! ஆகாசப் புளுகுக்கும் ஒரு அளவு வேண்டாமா? எத்தனை நாளாக இப்படி என் காதில் பூ சுற்றிக்கொண்டிருக்கிறாய்? குடித்துக் குடித்து நாக்கு செத்துப்போய்விட்டதா, இல்லை டீக்கும் விஸ்கிக்கும் வித்தியாசம் தெரியாத போதையில்தான் ஒவ்வொரு தடவையும் ருசி பார்த்தாயா?

உன் சொல்லை நம்பி இன்று அந்தத் தொட்டியை வடித்திருப்பேன். என் பிழைப்பே அந்தத் தொட்டியில்தான் இருக்கிறது என்று உனக்கு எழுதினேனே. உனக்கு மனசாட்சியே இல்லையா?

பதில் போடு.

அக்கா


மார்ச் 29

அக்கா,

உன் கடிதத்தை லிஃப்ட் மோட்டார் அறையில் நின்றுகொண்டு படித்தேன். படித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை பார்ப்பவன், “யாருக்குடா என்ன ஆச்சு? ஊர்ல யாராவது போய்ட்டாங்களா?” என்று கேட்டான். இல்லை, டீ, என்றேன். அவன் எனக்கு டீ வாங்கிவரப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உன் பாட்டிலைச் சுற்றியிருந்த அட்டையைப் பிரித்தேன். பஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறது. நீ சொன்னது நிஜம். என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, “இதையா பதக்கம் வாங்கினதைவிட ஒரு படி மேலன்னு எழுதினீங்க?” என்றாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீ என்னைத் திட்டியதில் ஒரு வார்த்தைகூட அதிகமில்லை. இன்னும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒன்று சொல். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், கணக்கு உதைக்கிறது.

கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டுத்தான் அரக்கு வைத்தேன் என்று எழுதினாய். டீயை நக்கிவிட்டா விஸ்கி என்று அரக்கு வைத்தாய்? சரி, நக்கவில்லை, மறந்துவிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம். ஊற்றும்போது வாசனை எங்கே போனது? விஸ்கியை ஊற்றினால் அந்த அறையே மணக்குமே. பூஞ்சை பிடித்து, கண்ணால் பார்த்துத்தானே உனக்குத் தெரிந்தது? அப்புறமும் நீ மோந்து பார்க்கவில்லை. மாமாவை மோந்து பார்க்க விட்டிருக்கிறாய். சாராயம் என்ற சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற மனுஷனை!

நம் அலமாரியில் ஒரு ஜாடிக்காவது பெயர் ஒட்டியிருக்கிறோமா? இடித்து வைத்த பொடிகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், மூக்குதான் லேபிள் என்று பெருமையடித்துக்கொண்டவள் நீ.

அக்கா, உன் மூக்குக்கு என்ன ஆச்சு?

மூக்கன்


ஏப்ரல் 3

மூக்கா,

கண்டுபிடித்துவிட்டாய். உன்னிடம் எதைத்தான் மறைக்க முடிந்தது?

போன வருடத்துக்கு முந்தின வருட மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது உனக்குத் தெரியாது. நான் எழுதவில்லை. காய்ச்சல் போயிற்று, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாற்றம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆரஞ்சுத் தோல் உரித்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் மாமா வந்து அடுப்பை அணைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. டாக்டர், “வரும்மா, பொறுமையா இருங்க,” என்கிறார். வரவில்லை. வாயில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, எரிச்சல், இவ்வளவுதான். மற்றதெல்லாம் அட்டையை மென்ற மாதிரி இருக்கிறது.

அதற்குப் பிறகு கரண்டியை நக்குவதை விட்டுவிட்டேன். நக்கினால் அழுகை வருகிறது.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால், அப்படியானால் பட்டறையை மூடு, விற்றுவிடு என்பாய். உன் வாயிலிருந்து அதைக் கேட்கத் தைரியம் இல்லை. இன்னொன்று, உன் நாக்கு இருக்கிறதே என்ற தைரியம். நான் எடை போட்டுக் கலந்தேன், நீ சரி என்று எழுதினாய், நான் பாட்டிலில் ஏற்றினேன். பதக்கம் வாங்கிய சரக்கும் அப்படிக் கலந்ததுதான். மேடையில் அந்த நடுவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இதை ருசி பார்த்த நாக்குக்கு ஒரு கும்பிடு,” என்றார். நான் மனசுக்குள், இது என் தம்பிக்கு, என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது சொல், மூக்கா. என் கதையைச் சொல்லிவிட்டேன். உன் நாக்கு எங்கே? நழுவாதே. அந்தக் கும்பிடு யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

தொட்டியில் முடிச்சு இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது. ஹோட்டலிலிருந்து ஆள் வந்து போய்விட்டார். மாதக் கடைசிக்குள் சரக்கு வேண்டுமாம்.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

யாருக்கும் போய்ச் சேரவில்லை.

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மறுபடி எடுக்க இவ்வளவு நாளாயிற்று. உனக்கு மூக்கு இல்லை என்று படித்தபோது, பேயறைந்த மாதிரி ஆகிவிட்டேன். ஏனென்றால் உன் மூக்கை நம்பித்தான் நான் புளுகினேன். அக்கா கலந்தால் தப்பாகாது, நான் என்ன எழுதினால் என்ன, என்று நினைத்தேன். நீ என்னை நம்பியிருக்கிறாய், நான் உன்னை நம்பியிருக்கிறேன். ‘இரண்டு நாக்குகள் ஒப்புக்கொண்டது’ என்று படித்துவிட்டு அத்தனை பேர் வாங்கிக் குடித்திருக்கிறார்கள். ஒரு நாக்குகூட அதைத் தொடவில்லை!

சரி, சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பதில்லை.

அன்றைக்கு நீ மாமாவுக்கு முன்னால் என் கையிலிருந்து பட்டறைச் சாவியைப் பிடுங்கி, “உன்னை நம்பி ஒரு மூடியைத் திறந்து வைக்க முடியுமா?” என்று கேட்டாயே, அந்தக் கோபத்தில் இங்கே வந்து இன்னும் அதிகமாகக் குடித்தேன். ஒருநாள் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை பார்க்கிறேன், நிறுத்தும் பட்டனை அமுக்க மறந்துவிட்டேன். கூண்டு மேலே கிளம்பிவிட்டது. கூட இருந்தவன் என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுக்காவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத ஆளில்லை. கீழே இறங்கியதும் அவன் என்னை அறையவில்லை, திட்டவில்லை. அழுதான். அன்றிலிருந்து ஒரு சொட்டு இல்லை. வீட்டில் இருமல் மருந்துகூட நான் பார்க்கிற இடத்தில் வைப்பதில்லை.

உன் சாம்பிள் வரும். என் வீட்டுக்காரி கையெழுத்துப் போட்டு வாங்குவாள், அட்டையோடு பரண்மேல் ஏற்றிவிடுவாள், கடிதத்தை மட்டும் என்னிடம் கொடுப்பாள். அத்தனையும் அரக்கு உடையாமல் அப்படியே மேலே இருக்கின்றன. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நம் மசாலாக் கணக்கு எனக்குத் தெரியும். அதை வைத்து, போன தடவை கிராம்பு என்று எழுதினால் இந்தத் தடவை ஏலம் என்று மாற்றி மாற்றி எழுதினேன்.

சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னால், அன்றைக்கு நீ சாவியைப் பிடுங்கியது சரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த வீம்பு ஒன்று. இன்னொன்று, சாம்பிள் வருவது நின்றால் உன் கடிதமும் நின்றுவிடும். உனக்கு எனக்கு எழுத வேறு என்ன காரணம் இருந்தது?

இப்போது அழுது பிரயோஜனம் இல்லை. தொட்டியைக் கவனிப்போம். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வருகிறேன். ஒரு கரண்டி வாயில் வைத்துத் துப்பிவிடுகிறேன். விழுங்கினால்தானே குடி? ஒரே ஒரு கரண்டி, அக்கா. பெரிய விஷயமில்லை.

மூக்கன்


ஏப்ரல் 13

மூக்கா,

வராதே. வராதே. வராதே.

இந்த வாசலில் கால் வைத்தால் காலை உடைப்பேன். ஒரே ஒரு கரண்டியாம்! நீ முன்னாலெல்லாம் பட்டறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்று இதே வார்த்தையைத்தான் சொல்வாய், ஞாபகமிருக்கிறதா?

கடவுளே, நான் என்ன காரியம் செய்திருக்கிறேன்! குடியை விட்டவன் வீட்டுக்கு நானே தபாலில் குடியை அனுப்பியிருக்கிறேன். பஞ்சு வைத்து, அட்டை சுற்றி, “உடையாம கொண்டு போங்க” என்று தபால்காரரிடம் கெஞ்சி அனுப்பியிருக்கிறேன். அவள், உன் வீட்டுக்காரி, ஒவ்வொரு தடவையும் அதைக் கையில் வாங்கும்போது என்னை என்ன நினைத்திருப்பாள்? அவளுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன் என்று சொல். எந்த முகத்தோடு அவளுக்குத் தனியாக எழுதுவேன்?

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நீ குடியை விட்டுவிட்டாய். மூன்று வருடமாக நான் பயந்துகொண்டிருந்த ஒன்று எப்போதோ முடிந்துபோயிருக்கிறது, எனக்குத் தெரியாது. ராட்சசா, இதையா மறைப்பாய்?

இனி தொட்டி சேதி. உன் மாமா ருசி பார்த்தார். ஆமாம், அவரேதான். “நீ படற பாட்டைப் பாக்க முடியல, குடு,” என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி குடித்தார். குடித்துவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

“எப்படி இருக்கு? சொல்லுங்களேன்.”

“வயித்து வலி மருந்து மாதிரி இருக்கு.”

அவர் வாழ்க்கையில் குடித்த முதல் கரண்டி, அவரை நம்ப முடியுமா? ஹோட்டல் பார் பொறுப்பாளரையே வரச்சொன்னேன். அவர் ஒரு வாய் வைத்தார், தொட்டியில் போய்த் துப்பினார். கைகழுவும் தொட்டியில்தான். “ஏதோ ஒண்ணு இடிக்குது மேடம். போன வருஷம் இது இல்ல. என்னன்னு சொல்லத் தெரியல,” என்றார். சரி செய்தால் மாதக் கடைசியில் எடுத்துக்கொள்வார்களாம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பார்களாம்.

அதிமதுரம் அதிக நாள் ஊறிவிட்டதோ என்று முடிச்சை எடுத்துவிட்டேன். உள்ளே இறங்கியது இறங்கியதுதான். என்ன தப்பு என்றே தெரியாமல் எதைத் திருத்துவது? போனால் போகட்டும். தொட்டி போனால் பட்டறை போகும், அவ்வளவுதானே. உன் மாமாவின் கடிகாரங்கள் இருக்கின்றன, சோற்றுக்குப் பஞ்சமில்லை. உன்னை அதில் வாய் வைக்கவிட்டு இந்தப் பட்டறையைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

நீ அங்கேயே இரு. நன்றாக இரு. எழுது, சாம்பிள் இல்லாமலே எழுது.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை பையோடு கிளம்பினேன். உன் கடிதம் அதற்கு முந்தின நாளே வந்துவிட்டது, இருந்தாலும் கிளம்பினேன். என் வீட்டுக்காரி வாசலில் குறுக்கே நின்றாள். “உங்க அக்கா காலை உடைக்கிறதுக்கு முன்னாடி நான் உடைக்கிறேன். எதுக்கு அவ்வளவு தூரம் பஸ் சார்ஜ்?” என்றாள். நீங்கள் இரண்டு பேரும் எப்போது கூட்டு சேர்ந்தீர்கள்?

அப்புறம் அவள் ஒன்று சொன்னாள். “மேல இருக்கிறதை எல்லாம் இன்னிக்கே கொட்டப்போறேன். இத்தனை நாள் அக்கா அனுப்பினதாச்சேன்னு விட்டு வெச்சேன். நீங்க தெருவில போய் நில்லுங்க.” போய் நின்றேன். எங்கள் சமையலறைக் குழாய்த் தண்ணீர் தெருவோரச் சாக்கடையில்தான் விழும். ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து உள்ளே ஊற்றினாள், வெளியே வந்து விழுந்தது.

அக்கா, தெருவே மணந்தது. முதலில் பட்டை. பிறகு ஆரஞ்சுத் தோல். அப்புறம் சோம்பு, அதற்கடியில் கிராம்பு. சைக்கிளில் போனவர் ஒருவர் காலை ஊன்றி நின்று, “யாரு வீட்டுல சார் விசேஷம்?” என்று கேட்டார். நான் சாக்கடைக்குப் பக்கத்தில் நின்று விக்கி விக்கி அழுதேன். குடிக்க வேண்டும் என்று தோன்றியதா என்று கேட்பாய். தோன்றியது. நிற்க முடிந்தது.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். போன வருடத்துச் சரக்கை நிஜமாகவே நன்றாகக் கலந்திருந்தாய். நான் புளுகாமல் சொல்கிற முதல் வார்த்தை இது. மூக்கு இல்லாமல் நீ அதைச் செய்திருக்கிறாய் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

அப்படியானால் இந்த வருடம் மட்டும் என்ன ஆயிற்று? அதே எடை, அதே கை. வயிற்று வலி மருந்து என்கிறார் மாமா. ஏதோ இடிக்கிறது என்கிறார் பார்காரர். அதிமதுரத்தால் அப்படி இருக்காது. எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. நான் மோந்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவேன். ஆனால் நீ சொல்வது சரி, வரமாட்டேன்.

மூக்கன்


ஏப்ரல் 24

மூக்கா,

சாக்கடையை நினைத்து நானும் அழுதேன். உன் மாமா இரண்டு கர்ச்சீப் கொடுத்தார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது, இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. பாட்டில் இல்லை, பயப்படாதே, உன் வீட்டுக்காரியே பிரிக்கட்டும். டீத்தூள். அதோடு நம் மசாலா, அலமாரியின் அதே ஜாடிகளிலிருந்து, தொட்டிக்குப் போட்ட அதே கணக்கில், சின்ன அளவில் கலந்திருக்கிறேன். விஸ்கி ஒரு துளிகூட இல்லை. தெரியாமல் ஒரு தடவை உனக்கு டீ அனுப்பினேன், இந்தத் தடவை தெரிந்தே அனுப்புகிறேன்.

கொதிக்கவைத்துக் குடி. தேன் நீயே போட்டுக்கொள். குடித்துவிட்டு எழுது. பட்டை வருகிறது, சோம்பு உட்காருகிறது என்று பழைய பாட்டைப் பாடினால் தெரியும் சேதி.

அதிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் முப்பதாம் தேதி தொட்டியைச் சாக்கடையில் திறந்துவிடப் போகிறேன். ஹோட்டல்காரருக்கும் சொல்லிவிட்டேன். பட்டறையைக் கேட்டு ஒருவர் பார்த்துவிட்டுப் போனார், அந்த இடத்தில் துணி வெளுக்கிற மெஷின் வைக்கப் போகிறாராம்.

அக்கா


ஏப்ரல் 27
(போன் செய்யாதே என்றாய், அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன், வாங்கியவுடன் பிரி)

அக்கா! தொட்டியைத் திறக்காதே! தொடாதே!

சீரகம்!

பொட்டலத்தைப் பிரித்த உடனே மூக்கில் ஏறிவிட்டது. என்னால் நம்ப முடியவில்லை. என் வீட்டுக்காரியை மோந்து பார்க்கச் சொன்னேன், “சீரகம்தான், இதுக்கு எதுக்கு இந்தக் கத்து?” என்றாள். கொதிக்கவைத்துக் குடித்தேன், ஒரு டம்ளர் முழுக்க. பட்டை இருக்கிறது, ஏலம் இருக்கிறது, கிராம்பு, அதிமதுரம், ஆரஞ்சுத் தோல் எல்லாம் இருக்கின்றன. சோம்பு ஒரு துளி இல்லை. சோம்பு இருக்க வேண்டிய இடத்தில் சீரகம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. வயிற்று வலி மருந்து! மாமாவின் நாக்குக்கு ஒரு கும்பிடு போடு, அவர் சொன்னது அத்தனையும் சரி.

எங்கிருந்து வந்தது என்று உனக்கு ஞாபகமிருக்கிறதா? நான் போவதற்கு முன்னால் சீரக விஸ்கி செய்யலாம் என்று ஒரு ஜாடி இடித்து வைத்தேன், “இதை எவன் குடிப்பான்?” என்று சிரித்தாய். அந்த ஜாடி இன்னும் அங்கேதான் இருந்திருக்கிறது. நீ இத்தனை நாள் மூக்கில்லாமல் எப்படிச் சரியாகக் கலந்தாய்? ஜாடி இருக்கிற இடத்தை வைத்து. பட்டறைக்கு வெள்ளையடித்தபோது ஜாடிகளை இறக்கி ஏற்றியது யார்? போய் மாமாவைக் கேள். கேட்டுவிட்டு அவரைத் திட்டாதே, எந்த ஜாடிக்கும் பெயர் ஒட்டாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு திரிந்தது நாம் இரண்டு பேரும்தான்.

திருத்திவிடலாம். பாதித் தொட்டியை ஒதுக்கி வை, மீதியில் வடிசாலையிலிருந்து கொஞ்சம் புது விஸ்கி வாங்கி ஊற்று. சோம்பும் ஆரஞ்சுத் தோலும் எவ்வளவு கூட்டினால் சீரகம் அடங்கும் என்று டீயில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்போம். டீயில் நான் சொல்கிற கணக்கை நீ தொட்டிக்கு எடை போடு, கடைசிக் கரண்டியை மாமாவும் பார்காரரும் பார்க்கட்டும். ஹோட்டல்காரரிடம் உண்மையைச் சொல்லி ஒரு வாரம் கேள். தரமாட்டேன் என்றால் ஒதுக்கி வைத்ததைச் சீரக விஸ்கி என்றே பெயர் போட்டு விற்போம், எவன் குடிக்கிறான் பார்க்கலாம்.

நாளை மறுநாள் காலை பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். காலை உடைக்காதே, நான் உள்ளே வரமாட்டேன். பட்டறைச் சாவி உன் இடுப்பிலேயே இருக்கட்டும், அன்றைக்கு நீ பிடுங்கியது சரிதான். எனக்கு வாசலில் ஒரு நாற்காலி போட்டு, டீ போட்டுக் கொண்டுவந்து கொடு.

மூக்கன்